கோடை என்றொரு காற்று

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் ஆடி மாதத்தில் பயணம் செய்தவர்களுக்குக் குண்டடத்துக் காற்றை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. இருசக்கர வண்டியில் போகிறவர் மேற்கு நோக்கிச் சற்றே சாய்ந்துதான் ஓட்டுவார். வாரச்சந்தைக்கு வந்த ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும். தேநீர்க் கடைக்காரர் அடுப்பின் மேற்குப் புறத்தில் ஒரு தகரத்தை நிறுத்தாமல் பாலை ஏற்றுவதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விலகிநிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் எனப்படும் அந்த வாயில் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, மழையை மலைக்கு அப்பாலேயே பெரும்பாலும் இறக்கிவைத்துவிட்டு நம்மிடம் வருகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள் நிற்கின்றன.

பழந்தமிழில் இக்காற்றுக்குப் பெயர் கோடை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. முதல் மூன்றையும் மாணவர்கள் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள். நான்காவதைச் சொல்லும்போது மட்டும் வகுப்பில் ஒருவராவது, கோடை என்றால் வெயில்காலம் அல்லவா என்று கேட்பார். இரண்டும்தான். வெப்பத்துக்கும் அதைச் சுமந்துவரும் காற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. வெப்பம் என்பது தனியே நிற்பதில்லை, காற்றோடு சேர்ந்தே அது உடலைத் தொடுகிறது என்ற அறிவு அச்சொல்லுக்குள் எங்கோ இருந்திருக்கவேண்டும் என்று நாம் நினைப்பதுண்டு. சொல்லாராய்ச்சியாளர்கள் மன்னிக்க.

நிற்க. இத்தனை காற்றுக்கு நடுவே, குண்டடத்தைச் சுற்றியுள்ள தையல் கொட்டகைகளுக்குள் காற்றில்லை. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

திருப்பூரின் பனியன் தொழில் நகருக்குள் மட்டும் நடப்பதாக வெளியூர் நண்பர்கள் எண்ணுகிறார்கள். பெரிய கம்பெனிகள் கட்டிங் முடித்த துணியை மூட்டையாகக் கட்டி ஊர்ப்புறத்துப் பவர்டேபிள்களுக்கு அனுப்புகின்றன. முப்பது நாற்பது ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்கள், ஒரு செக்கிங் மேசை, இரண்டு அயர்னிங் மேசைகள், மேலே தகரமோ சிமெண்ட் அட்டையோ போட்ட ஒரு நீளக் கொட்டகை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. நம் கல்லூரி மாணவிகளில் பலருடைய தாய்மார்கள் இத்தகைய கொட்டகைகளில் தைக்கிறார்கள். சித்திரை, வைகாசி விடுமுறையில் மாணவிகளும் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் போகிறார்கள். அப்படிப் போய்வந்த இரண்டாமாண்டு மாணவி ஒருவரிடம், விசிறி இருக்கிறதல்லவா என்று நாம் ஒருமுறை கேட்டுவிட்டோம். "பேன் காத்து அடுப்பு ஊதற மாதிரி இருக்குங்க ஐயா" என்றார்.

அதை அன்று உவமையாகவே கேட்டுக்கொண்டோம். நயம் பாராட்டுவது தமிழாசிரியர்களின் தொழில்நோய். அது உவமையே அல்ல, இயற்பியல் என்று பின்னர்தான் தெரிந்தது.

பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் கற்பிக்கும் நண்பர்தான் அதை விளக்கினார். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 34, 35 பாகை செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, விசிறி நம் வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் அதே விசிறி அதே வேகத்தில் வெப்பத்தை உடலுக்குள் தள்ளத் தொடங்கும். அதற்குப்பின் உடலைக் காப்பது வியர்வை உலர்வது ஒன்றுதான். வெப்பநிலை 40 பாகைக்கு மேல் போனால் விசிறியை நம்பவேண்டாம், அது உடலைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. தகரத்தின் அடியில் சித்திரை மாதத்துப் பிற்பகலில் தேங்கும் காற்று அந்த எல்லையைத் தாண்டிவிடும். கூரையை ஒட்டித் தொங்கும் விசிறி அந்தக் காற்றைத்தான் அள்ளித் தையல்காரரின் உச்சந்தலையில் கொட்டுகிறது. அடுப்பு ஊதுவதும் இதுவும் ஒரே செயல்தான்.

விசிறியின் வேகத்தைக் கூட்டினாலும் பெரிய பயனில்லை என்பது அடுத்த செய்தி. காற்றுக்கும் உடலுக்கும் இடையே வெப்பம் கைமாறும் அளவு, காற்றின் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. வேகத்தை இருமடங்காக்கினால் வெப்பப் பரிமாற்றம் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. ஆனால் விசிறி தின்னும் மின்சாரம் வேகத்தின் முப்படியாகக் கூடும். இருமடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு மின்சாரம். இவை போதாவென்று கூரை வேறு. வெயிலில் தகரம் 60 பாகைக்குச் சூடேறினால், 35 பாகையில் இருக்கும் தோலின் மீது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 170 வாட் வீதம் வெப்பக் கதிர்களை அது பொழியும். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரின் உடல் வெளியிடும் மொத்த வெப்பமே 100 முதல் 130 வாட்தான். தலையும் தோளும் முதுகும் கூரையைப் பார்த்தே இருப்பவை. இக்கதிர்கள் காற்றுக்குக் கட்டுப்பட்டவை அல்ல, எத்தனை விசிறி வைத்தாலும் அவற்றை ஊதித் தள்ளமுடியாது.

அப்படியானால் ஒரு கொட்டகைக்குள் காற்றும் வெப்பமும் எப்படித்தான் நடமாடுகின்றன? கட்டுவதற்கு முன்பே அதை அறிந்துகொள்ள வழி உண்டா? உண்டு என்றார் நண்பர். அவருடைய துறையில் அதற்கு சிமுலேஷன் என்று பெயர். கணினிக்குள் ஒரு கொட்டகையைக் கட்டி, அதற்குள் ஒரு காற்றை ஓடவிட்டு, நடப்பதைப் பார்ப்பது. திறனாய்வு படித்த நமக்கு உடனே நினைவுக்கு வந்த சொல் போலச்செய்தல். அரிஸ்டாட்டிலைப் பாடமாக நடத்தும்போது நாம் பயன்படுத்தும் அதே சொல். இந்த இடத்துக்கு அது மிகப் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

இந்தப் போலச்செய்தலின் வரலாற்றில் முதல் காட்சி சாயத்தோடு தொடங்குகிறது. 1883-ஆம் ஆண்டு மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் நீரை ஓடவிட்டு, நடுவே மெல்லிய சாய இழை ஒன்றை விட்டுப் பார்த்தார். நீர் மெதுவாக ஓடும்போது இழை அறுபடாமல் நூல் பிடித்தாற்போலச் சென்றது. வேகம் கூடியதும் ஓரிடத்தில் நெளிந்து, கலைந்து, குழாய் முழுவதும் நிறமாகப் பரவிவிட்டது. முதலாவது வரிச்சீர் ஓட்டம், இரண்டாவது கொந்தளிப்பு ஓட்டம். (நீரில் கலந்த சாயம் என்றதும் நம் பகுதியினருக்கு நொய்யல்தான் நினைவுக்கு வரும். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நினைவுக்கு வரும். அது வேறு கட்டுரை.) பாடநூல்கள் கொந்தளிப்பைச் சுழற்சி ஓட்டம் என்றும் சொல்கின்றன. நமக்கு அந்தச் சொல்லில் நிறைவில்லை. செக்குகூட ஒழுங்காகச் சுழலும். இங்கே ஒழுங்கே இல்லை. பெரிய சுழல்கள் உடைந்து சிறிய சுழல்களாகி, அவை மேலும் உடைந்து, கடைசியில் வெப்பமாகக் கரைகின்றன.

பாய்பொருளின் ஓட்டத்துக்கான சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே நேவியராலும் ஸ்டோக்ஸாலும் எழுதப்பட்டுவிட்டன. குழாயில் ஓடும் நீருக்கும், காற்றாலை இறக்கையைச் சுற்றும் காற்றுக்கும், தேநீர்க் கடையின் ஆவிக்கும் அவை ஒன்றே. அவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று நிறுவுபவருக்குக் கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசை இன்னும் எவரும் பெறவில்லை. கணிதர்கள் அங்கே காத்திருக்க, பொறியாளர்கள் குறுக்குவழியில் சென்றார்கள். வெளியைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் அண்டை அறைக்கும் இடையே எவ்வளவு காற்று, எவ்வளவு வெப்பம் கைமாறுகிறது என்று வரவுசெலவுக் கணக்கு எழுதுவதே அந்த வழி.

இப்படிக் கணக்கு எழுதிப் பார்த்தவர்களில் நம் மனத்துக்கு நெருக்கமானவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரின்போது ஃப்ரான்சில் மருத்துவ ஊர்திப் படையில் பணியாற்றிக்கொண்டே, ஐரோப்பாவின் வானிலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேர வானிலைக்காக வாரக்கணக்கில் உழைத்து, அவர் பெற்ற விடை முற்றிலும் தவறாகப் போயிற்று. 1922-ல் வெளியிட்ட நூலில் அந்தத் தோல்வியை மறைக்காமல் அச்சிட்டார். அதே நூலில், நாடக அரங்கம் போன்றதொரு பெருங்கூடத்தில் 64,000 பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டத்தைக் கணக்கிட, நடுவே ஒருவர் இசைநடத்துநரைப் போல அவர்களை ஒருங்கிணைப்பதாகக் கற்பனை செய்தும் எழுதியிருக்கிறார். இன்றைய கணினி அந்தக் கூடத்தைத்தான் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறது.

பெட்டி எவ்வளவு பெரிதானாலும் போதாது என்பதே கொந்தளிப்பின் சிக்கல். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். மிகச் சிறிய சுழலையும் விடாமல் பிடிக்க அதை ஒரு மில்லிமீட்டர் அறைகளாகப் பிரித்தால் 2.25 லட்சம் கோடி அறைகள் வரும். நொடியின் சிறு பகுதிக்கு ஒருமுறை அத்தனையையும் மீண்டும் மீண்டும் கணக்கிடவேண்டும். அவ்வளவுக்கு எந்தப் பனியன் கம்பெனியும் காத்திருக்காது. ஆகவே சராசரியில் இறங்குகிறார்கள். இதற்கும் வழிகாட்டியவர் ரெனால்ட்ஸே. 1895-ல் ஓட்டத்தைச் சராசரி என்றும் அதைச் சுற்றிய ஏற்றத்தாழ்வு என்றும் இரண்டாகப் பிரித்தார். ஆனால் சராசரி எடுத்த கணமே சமன்பாடுகளைவிடத் தெரியாக்கணியங்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. எங்கிருந்தாவது ஒரு விளக்கத்தைக் கொண்டுவந்து அந்த இடைவெளியை அடைத்தாகவேண்டும். 1970-களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த லாண்டரும் ஸ்பால்டிங்கும் அளித்த ஓர் அடைப்பு இன்றும் பெருவழக்காக உள்ளது. அதில் 5 மாறிலிகள், 0.09, 1.44, 1.92 என்று போகும். இவை கொள்கையிலிருந்து மட்டும் பிறந்தவை அல்ல. சோதனைகளோடு பொருந்துமாறு திருத்தித் திருத்தி நிலைநிறுத்தப்பட்டவை.

நமக்கு இது உரையாசிரியர் மரபை நினைவூட்டியது. சூத்திரம் சொல்லாமல் விட்ட இடத்தை உரை நிரப்புகிறது. நல்ல உரை பெரும்பாலான இடங்களில் சரியாகவே வரும். சில இடங்களில் நச்சினார்க்கினியர் போலத் தொலைவில் கிடக்கும் சொற்களை இழுத்துவந்து மாட்டிப் பொருள் சொல்லும். அப்போது மூலத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும். கொந்தளிப்பு மாதிரிகளையும் அப்படித்தான் வாசிக்கவேண்டும் என்று நண்பரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "மூலத்தைத் திரும்பப் பார்ப்பதை நாங்கள் வெப்பமானி வைத்து அளப்பது என்போம்" என்றார்.

உரை அதிகம் தடுமாறும் இடம் திடப்பொருளின் மேற்பரப்பு. 1904-ல் ஹைடல்பர்க் மாநாட்டில் லுட்விக் பிராண்டில் சொன்னது இது: எவ்வளவு வேகமான ஓட்டமானாலும், பொருளை ஒட்டிய பாய்பொருள் நின்றுவிடுகிறது, நின்றதற்கும் ஓடுவதற்கும் இடையே மெல்லியதோர் எல்லைப்படலம் இருக்கிறது. உடலின் வெப்பம் அந்தப் படலத்தைக் கடந்துதான் வெளியேற முடியும். காற்றை எதிர்கொள்ளும் முகப்பில் படலம் மெலிந்து வெப்பம் விரைவாக வெளியேறும். பக்கவாட்டில் படலம் தடித்து, பொருளைவிட்டுப் பிரியும். அங்கே வெப்பப் பரிமாற்றம் தாழும். பின்புறத்தில் சுழல்கள் புரள, மீண்டும் சற்றுக் கூடும். உருண்டையான தூணுக்கும் குளிர்காற்றில் நிற்கும் மனிதருக்கும் இது பொதுவானது. காற்றே வீசாதபோதும் உடல் சும்மா இருப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி மெல்லிய புகைபோல மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த ஏறுகாற்றோடு விசிறிக் காற்று மோதும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சுருக்கமான சூத்திரம் இல்லை. கணக்கிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

இக்கணக்குகளைத் தமிழ்நாட்டில் யாரும் போடுவதில்லை என்று நினைத்துவிடக்கூடாது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே அமைந்த முன்மாதிரி அதிவேக ஈனுலையின் எரிபொருள் தொகுதி ஒவ்வொன்றிலும் 217 ஊசிகள் உண்டு. ஒவ்வொன்றும் 6.6 மில்லிமீட்டர் விட்டம். ஒன்றையொன்று தொடாதிருக்க ஒவ்வொன்றின் மீதும் ஒரு கம்பி சுற்றப்பட்டிருக்கும். உருகிய சோடியம் 397 பாகையில் நுழைந்து, இவற்றின் இடுக்குகளில் கொந்தளித்தோடி, 547 பாகையில் வெளியேறவேண்டும். எந்த ஊசியின் எந்த ஓரத்தில் சோடியம் தயங்குகிறது, எங்கே சூடு கூடுகிறது என்பதை மையத்தின் அறிவியலாளர்களும் சென்னை ஐஐடியினரும் கணினியில் நுணுக்கமாகக் கணக்கிட்டு ஆய்விதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள். சூடான சோடியமும் குளிர்ந்த சோடியமும் மாறி மாறி மேலே படுவதால் எஃகு களைத்து விரிசல் விடுமா என்பதுகூடத் தனி ஆய்வுப்பொருள். தவறினால் விளைவு பெரிது, ஆகவே செய்தேயாகவேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. எஃகு களைப்படைவதைக் கணக்கிடும் அறிவு நம் மாநிலத்திலேயே இருக்கும்போது, அதில் ஒரு சிறு பங்கு ஏன் குண்டடம் வரை வரவில்லை என்பதே கேள்வி.

இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பல்லடம் வட்டாரத்தின் கறிக்கோழிப் பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கும், வெயில் பக்கவாட்டில் நுழையாதிருக்க. இருபுறமும் சுவருக்குப் பதில் கம்பிவலை. காற்று மிகுந்தால் இறக்கிவிடப் படுதா. கோடையில் கூரைமேல் தென்னங்கீற்று, அதற்குமேல் நீர்த்தெளிப்பு. இவற்றை எந்தக் கணினியும் சொல்லித்தரவில்லை. வெப்பத்தில் கோழி செத்தால் மறுநாள் காலையில் எண்ணிக்கை தெரிந்துவிடும், எண்ணிக்கை பணமாகிவிடும். ஆகவே அனுபவம் விரைவாகச் சேர்ந்தது. தையல் கொட்டகையில் வெப்பத்துக்கு அப்படியொரு பேரேடு இல்லை. தலைவலி, நீர்க்கடுப்பு, மாலையில் எண்ணிக்கை குறையும் பீஸ், மறுநாள் விடுப்பு. கூலி பீஸுக்கு என்பதால் குறைந்த பீஸின் நட்டமும் தைத்தவருடையதே.

நட்டம் உரிமையாளருக்கும் உண்டு என்பதற்குச் சான்று பெங்களூரிலிருந்து வந்தது. அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் குழல்விளக்குகளுக்குப் பதில் எல்இடி விளக்குகள் மாட்டப்பட்டபோது, அவை வெளியிடும் வெப்பம் குறைந்த காரணத்தாலேயே வெயில் மிகுந்த நாட்களில் உற்பத்தித்திறன் உயர்ந்தது என்று அத்வர்யு, காலா, நிஷாதம் ஆகிய பொருளியலாளர்கள் காட்டினார்கள். ஆய்வு 2020-ல் வெளியானது. வெறும் விளக்கு மாற்றத்துக்கே இந்த வேறுபாடு.

சரி, நம் கதைக்கு வருவோம். நமக்கு உறவுமுறையில் அண்ணன் ஒருவர் வாடகைக் கொட்டகையில் நாற்பது இயந்திரங்கள் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் நண்பரும் அளவு நாடாவோடு அங்கே போனோம். நீளம், அகலம், விசிறிகளின் உயரம், சன்னல்கள், வெளியேற்று விசிறி எல்லாம் அளந்தோம். மேற்குச் சன்னல்கள் அனைத்தும் ஆணியடித்து மூடப்பட்டிருந்தன. காரணம் கேட்டோம். "ஆடிக் காத்துல தொறந்தா பீஸ் பூரா பறந்து போயிருமுங் தம்பி. தூசி உழுந்தா ரிஜெக்ட் ஆயிரும். வெள்ளத் துணி பாருங்க" என்றார். நியாயம்தான். சித்திரையில் காற்றே இல்லை; ஆடியில் காற்று மிகுதி, ஆகவே சன்னல் இல்லை. ஆண்டு முழுவதும் உள்ளே ஒரே நிலை.

நண்பர் இலவச மென்பொருள் ஒன்றில் கொட்டகையை வரைந்தார். ஓப்பன்ஃபோம் என்று பெயர், 2004-லிருந்து எவரும் தரவிறக்கிக்கொள்ளக் கிடைப்பது. மடிக்கணினி இரவு முழுவதும் ஓடியது. காலையில் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் வந்தது. கூரைக்கடியில் சிவப்பு, தரையில் பச்சை, பார்க்க அழகாகவே இருந்தது. நாம் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஆட்கள் எங்கே என்று கேட்டோம். மேசைகள் இருந்தன, இயந்திரங்கள் கட்டைகளாக இருந்தன, அயர்னிங் மேசைகூட இருந்தது, ஆட்கள் இல்லை. நண்பர் கொஞ்சம் வெட்கப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை அளந்ததால் அவர் பார்த்ததும் ஆளில்லாத கொட்டகையைத்தான்.

மறுமுறை நாற்பது பேரையும் நாற்பது உருளைகளாக உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் 100 வாட் கொடுத்தார். மொத்தம் 4 கிலோவாட், பெரிய மின்னடுப்புகள் இரண்டு ஓயாமல் எரிவதற்குச் சமம். தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும் பழைய கிளட்ச் மோட்டார்களின் வெப்பத்தையும் சேர்த்தார். படம் மாறிவிட்டது. முதல் படத்தில் தரையோரம் தாராளமாக ஓடிய காற்று, இப்போது முதல் இரண்டு வரிசை ஆட்களைத் தாண்டுவதற்குள் களைத்துப்போனது. வெளியேற்று விசிறியின் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மற்ற முப்பது பேரின் வெப்பமும் வந்து சேர்ந்தது. மாணவியின் அம்மா உட்காரும் இடம் எது என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

இதிலிருந்து நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கொட்டகை எழும்புவதற்கு முன் அதற்குள் வெப்பமும் காற்றும் எப்படி நடமாடும் என்று ஒருமுறையேனும் கணக்கிடப்படவேண்டும். அந்தக் கணக்கில், உட்காரப்போகிற ஆட்கள் திடப்பொருள்களாகவேனும் இடம்பெறவேண்டும். இதற்குப் புதிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அங்கே ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் விமான இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றைக் கணினியில் வரைந்து, முந்தைய ஆண்டு மாணவர் பெற்ற அதே விடையைப் பெற்று, நீலநிற அட்டை போட்டுச் சமர்ப்பிக்கிறார்கள். தமிழ் ஆய்வேடுகளைப் பற்றியும் இதே குறை சொல்லலாம் என்பதால் அதிகம் பேச நமக்குத் தகுதியில்லை. ஆனால் கல்லூரி வாசலில் நிற்கும் தகரக் கொட்டகையை ஒரு மாணவர் எடுத்துக்கொண்டால் அந்த விடை முன்பே எவரும் பெறாததாக இருக்கும்.

இதற்கு மறுப்புகள் வரும். கூரை சூடு என்பதைச் சொல்லக் கணினி எதற்கு, தைக்கிறவரைக் கேட்டால் போதாதா என்பார்கள். போதும், கேட்டிருந்தால். ஆனால் சூடு என்று சொல்பவரிடம் அடுத்து என்ன செய்வது என்று கேட்கும்போதுதான் கணக்கு வேண்டியிருக்கிறது. பலமான மேற்குக் காற்று ஒரு கொட்டகையில் மோதும்போது மேற்குச் சுவரில் அழுத்தமும், கூரை முகட்டிலும் கிழக்குச் சுவரிலும் உறிஞ்சலும் உண்டாகும். அப்படியானால் மேற்குச் சன்னலைத் திறக்காமலே, முகட்டில் நீள இடைவெளி விட்டு அதன்மேல் ஒரு மூடாக்குப் போட்டால், வெளியே வீசும் ஆடிக்காற்றே உள்ளிருக்கும் சூட்டை மின்சாரம் இல்லாமல் இழுத்துக்கொள்ளும். உள்ளே நுழையும் காற்றுக்கு, மேற்கில் தாழ்வாகச் சிறு திறப்புகளும், அவற்றுக்கு எதிரே சற்றுத் தள்ளித் தூசியைத் தடுக்க ஒரு தட்டியும். திறப்பு எவ்வளவு, தட்டி எவ்வளவு தொலைவில் என்பது அனுபவத்தால் தெரிய இருபது ஆண்டுகள் ஆகும். கணக்கால் தெரிய இருபது நாட்கள். வண்ணப்படத்தை நம்பி ஏமாறுவோம் என்பது இன்னொரு மறுப்பு. அது மெய்யான அச்சம். வெப்பமானியோடு ஒப்பிடாத படத்தை நாம் சுவரில் ஒட்டச் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சுவரும் கூரையும் வெப்பத்தை இயன்றவரை குறைக்கும் பொருளாலும் வடிவிலும் அமையவேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மின்விசை பயன்படுத்தும் இடத்தில் முன்பு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை; இப்போது 20 பேர் வேண்டும். ஊர்ப்புறத்துச் சிறு பவர்டேபிள்கள் பலவற்றுக்கு இந்த ஒரு எண்ணால் கூரை விதி இல்லாமல் போகும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. கொள்கைகள் வரட்டும், வரவேற்போம். குண்டடத்துக் கொட்டகைக்காரர் வாடகைக்கு இருப்பவர் என்பதையும், கூரை வேறொருவருடையது என்பதையும் அக்கொள்கைகளை எழுதுபவர்கள் நினைவில் வைத்தால் நன்று.

அண்ணனிடம் இரண்டாவது படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல செவப்பா இருக்கறதுதானுங்க அயர்னிங் பக்கம்? அங்க ஆளே நிக்க மாட்டீங்கறாங்க தம்பி" என்றார். கூரைமேல் சுண்ணாம்பு அடிக்க மட்டும் கொட்டகைச் சொந்தக்காரரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கிவிட்டார். முகட்டைப் பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. கிளட்ச் மோட்டார்கள் பழுதாக ஆக, சர்வோ மோட்டார் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆடிக்காற்று தொடங்கியதும் மேற்குச் சன்னல்களில் ஒன்றை மட்டும் ஆணி பிடுங்கித் தட்டி கட்டிப் பார்ப்பதாகவும், அன்றைக்கு வெள்ளைத் துணி ஓட்டாமல் கறுப்புத் துணி ஓட்டுவதாகவும் ஏற்பாடு. நண்பர் நான்கு வெப்பமானிகள் வாங்கிவைத்திருக்கிறார். இம்முறை வேலைநாளில்தான் போகிறோம்.